டீசல்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை

தியோடருக்கும் எனக்கும் ஜாதி ஒன்று, வேதம் ஒன்று, பங்குக் கோவில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு அவர் ஆண்கள் பக்கம் உட்காரும் வரிசையும் நான் பெண்கள் பக்கம் உட்காரும் வரிசையும்கூட ஒன்றுதான். என்ஜின்தான் வேறு. அதனால் என் அப்பா சம்பந்தத்துக்கு ஒப்பவில்லை.

அப்பாவின் பெயர் ரெமிஜியஸ். இருபத்தாறு வருஷம் நீராவிக் கப்பலில் என்ஜின் பார்த்து, செகண்ட் இன்ஜினியராக ஓய்வு பெற்று, பிரேசர் டவுனில் ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். பெங்களூரில் கடல் கிடையாது. கடலிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதர் சமுத்திரத்திலிருந்து இருநூறு மைல் தள்ளி, மூவாயிரம் அடி உயரத்தில் எதற்கு வீடு கட்டினார் என்று கேட்டால், "இங்க வேர்க்காது" என்பார். பாய்லர் பக்கத்தில் நின்றே ஆயுளைக் கழித்தவருக்கு அது போதுமான காரணம். அந்த இருபத்தாறு வருஷமும் அவருக்காகக் காத்திருந்த அம்மா, அவர் வீட்டோடு வந்து சேர்ந்த இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான்.

தியோடர் மோட்டார் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். அந்த ஊழியத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செகண்ட், தேர்ட், ஃபோர்த் என்று பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 1936ஆம் வருஷம் அவர் மூன்று மாத விடுப்பில் வந்திருந்தார். அவருடைய தங்கை டோரீன் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். ஈஸ்டர் அன்று அண்ணனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். நான் செய்த கேக்கை ஒரு துண்டு கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொஞ்சம் கருகியிருக்கு" என்றார். பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கேக் விஷயத்தில் என்னிடம் உண்மை பேசிய முதல் ஆண் அவர்தான். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

டோரீன் முறைப்படி வந்து கேட்டாள். அப்பா நல்ல மனநிலையில்தான் இருந்தார். பையன் எந்தக் கப்பல் என்று விசாரித்தார். மோட்டார் கப்பல் என்று அவள் சொன்னதும் காபி தம்ளரைக் கீழே வைத்தார்.

"டீசலா?"

"ஆமா மாமா. புதுக் கப்பல்."

"எங்க குடும்பத்துல டீசல்காரனுக்குப் பொண்ணு கொடுக்கற வழக்கம் இல்லம்மா" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். ஆகவே இந்த வழக்கம் அந்த நிமிஷத்தில்தான் ஏற்பட்டது.

பங்குச் சாமியாரிடமும் விஷயம் போயிற்று. கல்யாணத்துக்குத் தடை ஏதாவது உண்டா என்று அவர் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "உண்டு சாமி, பையன் டீசல்" என்று அப்பா சொன்னார். சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழ் தமக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று சந்தேகப்பட்டு இரண்டு தடவை கேட்டார். பிறகு உள்ளே போய்த் தடிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து, ரத்த உறவு தடை, ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தால் தடை, டீசல் தடை என்று எங்கும் போடவில்லை என்றார். "ரோமாபுரிக்குக் கப்பலைப் பத்தி என்ன சாமி தெரியும்?" என்று அப்பா எழுந்து வந்துவிட்டார்.

இந்த இடத்தில் மதலைமுத்துத் தாத்தாவைச் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்கு உறவு இல்லை, அடுத்த தெருக்காரர். தூத்துக்குடியில் பிறந்து, பாய்க்கப்பலில் மொரீஷஸ் வரைக்கும் போய் வந்தவர். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பூசை முடிந்ததும் கோவில் வாசல் பெஞ்சில் அவரும் அப்பாவும் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். காற்று சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்துக் கரி வாங்கி எரிப்பவன் புத்திசாலியா என்பது தாத்தாவின் கேள்வி. அப்பா ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை என் அப்பா கப்பலில் அடுப்பெரித்தவர். தியோடர் அந்த அடுப்புக்கும் வழியில்லாமல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர். மாலுமி என்று சொல்லிக்கொள்ள பெங்களூரில் மிச்சம் இருந்தது தாத்தா ஒருவர்தான். பாவம், அவருக்குக் கண் மட்டும்தான் சரியாக இருந்தது, முழங்கால் போய்விட்டது.

ஈஸ்டருக்குப் பிறகு அந்த பெஞ்சில் தியோடரும் வந்து உட்கார ஆரம்பித்தார். அப்பாவை "செகண்ட்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஸ்டீம்னா உசுரு, ஃபோர்த். தீனி போடணும், தண்ணி காட்டணும், முகத்தைப் பாத்துப் பதமா நடந்துக்கணும். உன்னுது என்ன? தட்டினா ஓடும், இருமும், நிக்கும்."

"இருமறது உண்மைதான் செகண்ட். ஆனா உங்க கப்பல்ல முப்பது பேர் கரி வாரின வேலையை எங்க கப்பல்ல ஒரு குழாய் பாத்துக்குது."

"அந்த முப்பது பேரு எங்க போனாங்க?"

"தெரியல செகண்ட்."

"தெரியலையாம்" என்று அப்பா தாத்தா பக்கம் திரும்பினார். தாத்தா, "பாய் கட்டுன நாங்க எங்க போனோம்னு நீ கேட்டியாலே?" என்றார். இப்படிப் பேச்சு ஒரு வட்டம் சுற்றி முடிந்ததும் மூவரும் எழுந்து அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். என் கல்யாணம் அங்கேயே பெஞ்சில் கிடக்கும்.

தியோடரின் விடுப்பில் ஒரு மாதம்தான் பாக்கி. நான் பொறுத்துப் பார்த்தேன். சமைக்காமல் இருந்து பார்த்தேன். அப்பா கப்பலில் வாழ்ந்தவர்; பிஸ்கட்டும் டீயும் வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தார். கடைசியில், வேறு வழியில்லாமல், இரண்டில் எது உசத்தி என்று ஓட்டிப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று நான்தான் சொன்னேன். கோபத்தில் சொன்னது. அவர்கள் அதை யோசனை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அல்சூர் ஏரியில் துரைமார்களின் படகுக் குழு ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தமாகப் பழைய நீராவிப் படகு ஒன்று, புதிதாக வாங்கிய டீசல் படகு ஒன்று. நீராவிப் படகின் என்ஜினை அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதம் துரைமார்கள் எல்லோரும் ஊட்டிக்குப் போய்விட்டார்கள். படகுகள் இரண்டும் சும்மா கிடந்தன. காவல்காரர் அப்பாவுக்கு வேண்டியவர். கரையிலிருந்து புறப்பட்டு, ஏரி நடுவில் இருக்கும் தீவைச் சுற்றி, முதலில் திரும்பி வருகிறவர் ஜெயித்தவர். தியோடர் ஜெயித்தால் கல்யாணம். அப்பா ஜெயித்தால் தியோடர் கப்பலுக்குத் திரும்பிப் போகலாம், தனியாக. நடுவர் மதலைமுத்துத் தாத்தா. அவர் இரண்டு என்ஜினையும் சமமாக வெறுத்ததால் அவரைவிட நடுநிலையான ஆள் கண்டோன்மெண்டில் கிடைக்க மாட்டார் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு ஜனங்களில் பாதிப் பேர் ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். அப்பா விடியற்காலையிலேயே போய் பாய்லரைப் பற்றவைத்திருந்தார். வெள்ளை உடுப்பு, தலையில் பழைய தொப்பி. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அம்மா போன பிறகு பார்க்கவில்லை. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, என் வாழ்க்கையையல்லவா பந்தயத்தில் வைத்திருந்தார். தியோடர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு என்ஜினுக்கு மேல் குனிந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு" என்றார்.

பந்தயப் பொருளைக் கரையில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் நடுவருக்கு ஏரிக்குள் போக ஒரு படகு வேண்டியிருந்தது. தாத்தா பாய் கட்டிய படகில்தான் ஏறுவேன் என்றார். ஒரு சின்னத் துடுப்புப் படகில் மூங்கில் நட்டு ஒரு பழைய ஜமுக்காளத்தைக் கட்டிக் கொடுத்தோம். அன்றைக்குக் காற்று என்பது பேருக்குக்கூட இல்லை. தாத்தா பாயைப் பார்த்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். நான் துடுப்பு போட்டேன்.

தாத்தா கைக்குட்டையை அசைத்தார். படகுகள் இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்பின. நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒன்று கரும்புகை விட்டுக்கொண்டு முணுமுணு என்று போயிற்று. மற்றது படபடவென்று வெடித்துக்கொண்டு போயிற்று. ஒன்றுக்கொன்று பக்கமாக, ஒரு முழம்கூட முன்பின் இல்லாமல், அம்பு விட்டதுபோல நேராகப் போயின. கரையில் கைதட்டினார்கள். அப்பா அழுத்தமானியைப் பார்த்துப் பார்த்துக் கரி போட்டுக்கொண்டிருந்தார். தியோடர் எண்ணெய்க் குழாயைக் காதோடு வைத்துக் கேட்காத குறை.

"ஏ பிள்ள" என்றார் தாத்தா. "சுக்கான்ல யாரு?"

நான் பார்த்தேன். அப்பாவின் படகில் சுக்கானைப் பிடித்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தியோடர் படகிலும் இல்லை.

இதில் அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கப்பலில் திருப்புவது மேலே இருக்கிறவன் வேலை. என்ஜின்காரன் அடிவயிற்றில் இருப்பான். மணி அடித்தால் வேகம், மணி அடித்தால் நிறுத்தம். கப்பல் எங்கே போகிறது என்று அவன் பார்ப்பதில்லை. ஏடன் வந்துவிட்டது என்று மேலே இருந்து சொன்னால் ஏடன், கொழும்பு என்றால் கொழும்பு. இருபத்தாறு வருஷத்தில் அப்பா ஒரு தடவைகூடத் தம்முடைய கப்பல் போகும் திசையைக் கண்ணால் பார்த்ததில்லை. தீவைச் சுற்றி வருவது என்று இருவரும் ஒரு வாரம் பேசினார்கள். சுற்றுவதற்கு ஆள் வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"அப்பா! முன்னால பாருங்க!" என்று கத்தினேன். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மணி அடிக்காமல் நிறுத்தியிருக்க மாட்டார்.

படகுகள் இரண்டும் முழு வேகத்தில், அதே ஒழுங்கில், தீவைச் சுற்றி மண்டியிருந்த கொடிப் பாசிக்குள் போய்ச் சொருகிக்கொண்டன. டீசல் படகின் புரொப்பெல்லர் பாசியைச் சுற்றிக்கொண்டு விக்கித்து நின்றது. நீராவிப் படகின் புரொப்பெல்லரும் அப்படியே நின்றது. தெப்பத் திருநாளுக்கு ஏரியில் தெப்பம் ஓட்டுகிறவர்கள் எதற்காக இன்னும் மூங்கில் கழியால் தள்ளுகிறார்கள் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டார்கள். கரையில் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு பாதிப் பங்கும் சிரித்தது.

நான் துடுப்பு போட்டு அங்கே போய்ச் சேரக் கால்மணி நேரம் ஆயிற்று. போனபோது இருவரும் அவரவர் படகின் பின்பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையை விட்டுப் பாசியை அறுத்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருவாட்டி சிட்டகாங்ல எனக்கு இப்படித்தான் கயிறு சுத்திக்கிச்சு, ஃபோர்த்."

"ஷாஃப்ட் வளையலையா செகண்ட்?"

"வளையல. ஆனா பேரிங் போச்சு. அந்த பேஜாரை ஏன் கேக்கற."

மாமனும் மருமகனும் மாதிரி இருந்தார்கள். என்னைப் பார்த்ததும்தான் தாங்கள் எதிராளிகள் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. அப்பா தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

பாசி விடவில்லை. படகுகளை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் என் படகில் ஏறினார்கள். நாலு பேரைத் தாங்குகிற படகு அல்ல. விளிம்புவரை தண்ணீர் வந்து நின்றது. தியோடர் துடுப்பைத் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அவர்களுடைய என்ஜின்களை நம்பி ஒரு மாதம் வீணாகியிருந்தது.

பாதி தூரம் வந்ததும் அப்பா தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு பேருமே ஜெயிக்கல. அப்ப பழைய முடிவுதான்."

"பழைய முடிவுக்குக் காரணம் என்னப்பா?" என்றேன். "இருமுதுன்னு சொன்னீங்க, உசுரு இல்லன்னு சொன்னீங்க. அதெல்லாம் விடுங்க. நான் அந்த என்ஜினையா கட்டிக்கப் போறேன்? நிஜக் காரணத்தை இன்னிக்காவது சொல்லுங்க."

அவர் உடுப்பில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் தியோடரைப் பார்த்துச் சொன்னார்.

"நான் கரிக் கப்பல்காரன். கரி தீந்தா நின்னுதான் ஆகணும். கொழும்புல நிப்பேன், ஏடன்ல நிப்பேன், போர்ட் சையதுல நிப்பேன். நின்ன எடத்துல எல்லாம் இவ அம்மாவுக்குக் கடுதாசி போட்டேன். ஒரு எடம் தப்பினதில்ல. உன் கப்பல் வயித்துல எண்ணெயை ரொப்பிக்கிட்டா உலகத்தைச் சுத்தி வந்துடும். நிக்கணும்னு அவசியமே இல்ல. சொல்லு ஃபோர்த், கடைசி வாட்டி கரையைப் பாக்காம எத்தனை நாள் ஓட்டினே?"

தியோடர் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. "முப்பத்தெட்டு நாள், செகண்ட்" என்றார்.

"பாத்தியாம்மா?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார்.  "முப்பத்தெட்டு நாள் இவன் உசுரோட இருக்கானா செத்தானான்னு தெரியாம நீ உக்காந்திருக்கணும். என் பொண்ணு அப்படி உக்காந்திருக்கறதை நான் பாக்கமாட்டேன்."

அப்பா என்மேல் பிரியமாக இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் இந்த ஒரு மாத என்ஜின் சண்டையும் அந்தப் பிரியம்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கை இரண்டும் துடுப்பில் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

தாத்தா ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் மொரீசுக்குப் போயிட்டு வர ஒண்ணரை வருசம் ஆச்சு. காத்து விழுந்துட்டுன்னா நடுக்கடல்ல கெடப்போம். கடுதாசியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. வீட்டுக்கு வந்து கதவத் தட்டுனேன். எம் மவதான் தொறந்தா. 'அம்மா, யாரோ வந்திருக்காங்க'ன்னு உள்ள பாத்துச் சொன்னா."

"அதைத்தான் சொல்றேன்" என்றார் அப்பா. "பாய்க்கு ஒண்ணரை வருஷம். ஸ்டீம் வந்துச்சு, ஒவ்வொரு துறைமுகத்துலயும் ஒரு கடுதாசி. அது முன்னேற்றம். அதோட நிறுத்தியிருக்கணும். அதுக்கு மேல கண்டுபிடிச்சதெல்லாம் கேடு."

அந்தக் கடுதாசிகள் எனக்கு நன்றாகவே தெரியும். ஏடன் கரி பரவாயில்லை. கொழும்புக் கரியில் கல் அதிகம். நான் சுகம், அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். அம்மா ஒவ்வொன்றையும் மேரி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். அதற்குப் பிறகு வாசலுக்குப் போய் நின்றுகொள்வாள். கடுதாசி வந்த அன்றும் நிற்பாள், வராத அன்றும் நிற்பாள். அதில் எந்த வித்தியாசமும் இருந்ததில்லை.

நான் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். படகு கொஞ்சதூரம் தானாகப் போய் நின்றது.

"அப்பா, ஏடன்ல நின்ன கப்பல் ஏடன்லதான் நின்னுச்சு. நம்ம வீட்டு வாசல்ல நிக்கலையே. அம்மா கடுதாசிக்கா காத்துக்கிட்டிருந்தா? உங்களுக்குப்பா."

நான் அதோடு விடவில்லை.

"பாய், ஸ்டீம், டீசல்னு மூணு பேரும் எது உசத்தின்னு மண்டையை உடைச்சுக்கிறீங்க. மூணும் போறதுக்குத்தானே? எவ்வளவு வேகமாப் போலாம், எவ்வளவு தூரம் போலாம். நிக்கறதுக்கு எவனாவது ஒரு மெஷின் கண்டுபிடிச்சானா? உக்காந்திருக்கப் போறவ நான். நான் எத்தனை நாள் உக்காந்திருப்பேன்னு நீங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டி ஓட்டறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சரி, கேக்கறேன்" என்றார் தியோடர். "நீங்க என்ன சொல்றீங்க நோரா?"

"நான் உக்காந்திருக்க மாட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு உங்களைப் பிடிச்சிருக்க என்னால முடியாது. பிளாக்பள்ளி ஐஸ் ஃபாக்டரியில டீசல் தெரிஞ்ச ஆள் வேணுமாம். டோரீன் சொன்னா. அங்க இருக்கறதும் டீசல்தான். நாள் பூரா ஓடும், ஒரு அங்குலம் நகராது. அதைப் பாத்துக்கிட்டு இங்கயே நிப்பீங்களா?"

அப்போதுதான் ஒரு மாதமாக நான் எதிர்பார்த்தது நடந்தது. அப்பாவும் தியோடரும் ஒன்று சேர்ந்தார்கள். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. தியோடர் அறை வாங்கியவர்போல உட்கார்ந்திருந்தார். தாத்தாகூடப் பாயிலிருந்து பார்வையை எடுத்துவிட்டார். கப்பல்காரன் எந்தத் தொழிலுக்கு வேண்டுமானாலும் போவான். கரையில் சிமெண்ட் போட்டுப் பதித்த என்ஜினுக்கு மட்டும் போக மாட்டான். அதைவிடப் பிச்சை எடுக்கலாம் என்று அப்பாவே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

"நோரா!" என்றார் அப்பா. "ஃபோர்த் இன்ஜினியரைப் போயி... ஐஸ் கட்டிக்கா? இவன் என்ன தப்பு பண்ணினான்?"

"உங்களுக்கு இவரைப் பிடிக்காதே அப்பா."

"பிடிக்காது. அதுக்காக இப்படியா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "உங்கம்மா ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னை இப்படிக் கேட்டிருப்பாளா? போகாதே, நில்லுன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?"

  அப்பா அழுத்தமானி காட்டுவதைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஏரியைப் பார்த்தார். தூரத்தில் அவருடைய படகு பாசிக்குள் இன்னும் கொஞ்சம் புகைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்" என்றார்.

"அது அம்மாவுக்குத் தெரியும்ப்பா. அதனாலதான் கேக்கல."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நரைத்த தலை வெயிலில் தெரிந்தது. அப்படிச் சொன்னதற்காக எனக்கு வருத்தமாக இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனமில்லை. கரையில் ஜனங்கள் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. நான் பழக்கத்தில் துடுப்பை எடுக்கப் போனேன்.

"போடாதே" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"துடுப்பு போடாதே. நீ கேட்டுட்ட இல்ல? அவன் பதில் சொல்லட்டும். சொல்ற வரைக்கும் இங்கயே நிக்கட்டும் படகு."

நின்றது. தியோடர் தம்முடைய உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் பாசியும் எண்ணெயும் ஒட்டியிருந்தன. நான் அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து கைகளையே பார்த்தேன். எனக்கு அவர் வேண்டும் என்பதை அந்தக் கணத்தைப்போல வேறு எப்போதும் நான் உணர்ந்ததில்லை. இல்லை என்று அவர் சொன்னால் அதுவும் உண்மையாகத்தான் இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

"செகண்ட்," என்றார் கடைசியில், "ஐஸ் ஃபாக்டரி என்ஜினுக்கு எத்தனை சிலிண்டர்?"

"ஒண்ணு" என்றார் அப்பா, துக்கம் கேட்க வந்த வீட்டில் பேசுவதுபோல. கப்பல் டீசலுக்கு ஆறோ எட்டோ இருக்கும்.

தியோடர் ஏரித் தண்ணீரில் கையை விட்டுக் கழுவினார். நிதானமாக, விரல் விரலாகக் கழுவிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி நோரா. நிக்கிறேன்."

தாத்தா சிலுவை போட்டுக்கொண்டார். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் மறைக்கவில்லை. அப்பா கையை நீட்டித் தியோடரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.  

"இவ அம்மா கேக்கலைன்னா என்ன?" என்றார். "நிக்கிறேன்னு நானா சொல்லியிருக்கலாமே."